வித்தவுட்

டிக்கெட் எடுத்தாச்சா தம்பி? கையில வச்சிருக்கீயளா, பையில போட்டுட்டீயளா? அட, எடுத்துக் காட்ட வேண்டாம், சும்மா கேட்டேன். பழக்கதோசம். இதே ரோட்டுல கண்டக்டரா பன்னெண்டு வருசம், செக்கிங் இன்ஸ்பெக்டரா பத்தொம்பது வருசம் ஏறி எறங்குன ஆளு நான். ரிட்டையராகி மூணு வருசமாச்சு. இன்னும் பக்கத்துல ஒரு ஆளு வந்து உக்காந்தா வாய் தன்னால கேட்டுருது.

இந்தப் பக்கமா வந்து உக்காருங்க, எனக்கு வலது கைப்பக்கம். அங்ஙன வெயில் அடிக்கும்லா. ஆங். இப்பச் சொல்லுங்க, எங்க போறீய? திருநேலியா? நானும் அங்ஙனதான், பாளையங்கோட்டை. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இப்ப வாற வண்டியெல்லாம் ஒரே இரைச்சல். அந்தக் காலத்து வண்டியில கடைசி சீட்டுல ரெண்டு பேரு ரகசியம் பேசுனா முன்படிக்கட்டுல நிக்க எனக்குக் கேக்கும். வண்டி அப்படி.

கூடையப் பாக்கீய. காலிக் கூடையில துண்ட விரிச்சு எதுக்கு மடியில வச்சிருக்கான் இந்த ஆளுன்னு தோணுதா? தோணணும். நானா இருந்தா இந்நேரம் துண்டத் தூக்கிப் பாத்திருப்பேன். ஒளிக்க என்ன இருக்கு. போகும்போது இந்தக் கூடையில ஒரு ஆளு வந்துச்சு, டிக்கெட் இல்லாம. பாவநாசத்துல எறக்கி விட்டுட்டு வாறேன். நாய்க்குட்டி. முறைப்படி அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும். கண்டக்டர் பய என்னயப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான், நானும் வாயத் தொறக்கல. அத விடுங்க.

கதையக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். பேரு டிப்போ. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால எங்க டிப்போவுல ஓடாத வண்டி ஒண்ணு கெடந்துச்சு, அதுக்கு அடியில ஒரு நாய் குட்டி போட்டுட்டு. தாய் நாய் ரிவர்ஸ் வந்த வண்டியில சிக்கிப் போயிட்டு. மத்த குட்டியும் ஒண்ணொண்ணாப் போச்சு. இவன் மட்டும் டயருக்கு எடையில கெடந்து நடுங்கிக்கிட்டு இருந்தான். அங்ஙன கெடந்த பழைய டிக்கெட் பெட்டிக்குள்ள போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். எம்பொண்டாட்டி கோமு ரெண்டு நாளு எங்கூடப் பேசல. ஒரு வார்த்த கேக்காம வீட்டுக்குள்ள ஒரு உசுரக் கொண்டாந்துட்டீயளேன்னு கத்துனா. கேட்டா ஒத்துக்கிடுவாளா? நல்லதுன்னா கேக்காமத்தான் செய்யணும்.

அந்த டிப்போ எப்படிப்பட்டவன் தெரியுமா? நான் ட்யூட்டி முடிஞ்சு மூணு தெரு தள்ளி ஸ்டாப்புல எறங்குவேன். இங்க இவன் எந்திரிச்சு கேட்டுக்கு வந்துருவான். எத்தனையோ பேரு எறங்குதாக, என் செருப்புச் சத்தம் மட்டும் அவனுக்குத் தெரியும். அவன் எந்திரிக்கத வச்சுத்தான் கோமு காப்பிக்குத் தண்ணி வைப்பா. நான் உள்ள நொழையும்போது காப்பி சூடா இருக்கும். எனக்கு அவன்னா உசுரு, பொய் சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கையில ஐப்பசி மழைக்கு எம்மவ பூரணி ஒரு குட்டியத் தூக்கிட்டு வந்தா. பூரணிக்குத் தபால் ஆபீஸ்ல வேலை. போற வழியில ஓடைக் குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்துச்சாம். இவ சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கி எடுத்துருக்கா. பின்னங்கால் தோலு உரிஞ்சு, மேலெல்லாம் சொறி. நெத்தியில ஒரு வெள்ளப் புள்ளி. பொட்டுன்னு பேரும் வச்சாச்சு.

எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா இல்லையா? சொல்லல. கேட்டா, "எப்பா, ஒரு வாரமா சொல்லுதேன், டிப்போவுக்கு ஒரு துணை வேணும்னு. நீங்களும் சரி சரின்னு தலையாட்டுனீய"ங்கா. நான் எப்பத் தலையாட்டுனேன்? நான் தலையாட்டுத ஆளா? என்னயப் பாத்தா அப்படியா தெரியுது? அம்மையும் மவளும் சேந்து முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காக. நான் அந்தக் குட்டிக்கு வேற பேரு வச்சேன். வித்தவுட்டு. டிக்கெட் இல்லாம ஏறுதவன எங்க பாஷையில அப்படித்தான் சொல்லுவோம்.

மொத நாளு டிப்போ பாத்தான், உர்ருன்னான். அதான் எம்புள்ள, ஆளப் பாத்ததும் எட போட்டுட்டான்னு நெனச்சேன். உடனே பூரணி என்ன பண்ணுனா, பின்கட்டுல கிரில் கதவ அடச்சுக் குட்டிய அந்தப் பக்கம் போட்டா. மிருக டாக்டரு சொன்னாராம், எடுத்தவொடனே ஒண்ணா விடக் கூடாதுன்னு. சரி, அதுகூட ஞாயம். ஆனா ஒரு நாளு பாக்கேன், ஒரு பழைய துணிய எடுத்துக் குட்டி மேல தேய் தேயின்னு தேச்சு, அதக் கொண்டாந்து டிப்போ படுக்கையில விரிக்கா. டிப்போவத் தேச்ச துணி அந்தப் பக்கம் போவுது. என்னட்டி இதுன்னேன். ஒருத்தருக்கொருத்தர் வாசம் பழகணுமாம்! எங்கயாவது கேட்டுருக்கீயளா? எங்க ஆச்சி காலத்துலருந்து துணிய எடுத்து மாத்திப் போட்டா அது செய்வினை வைக்கத்தான்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். அந்தத் துணிய எடுத்து முச்சந்தியில போட்டுட்டு வந்து டிப்போ நெத்தியில துன்னூறு பூசிவிட்டேன். மறுநாளு புதுத்துணி கெடக்கு.

பொறவு ரெண்டு பேரையும் தெருவுல ஒண்ணா நடக்கக் கூட்டிட்டுப் போனா. ரெண்டு தட்டு, ரெண்டு மூலையில சோறு. மொதல்ல டிப்போவுக்கு, பொறவு குட்டிக்கு. அவன்தான மூத்தவன், அவனுக்கு மரியாத கொறையக் கூடாதாம். பத்தே நாளு. பதினோராம் நாளு பாக்கேன், டிப்போ வயித்துல தலைய வச்சு அந்தச் சவம் தூங்குது. அவன் அது காத நக்கிக்கிட்டுக் கெடக்கான். இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கும்பாக, இங்க மடத்தையே தூக்கிக் குடுத்துட்டான் இவன்.

அதுலருந்துதான் டிப்போ மாறிப்போனான் தம்பி. டிப்போன்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். நேரா போயி முன்னால நின்னா வால ஆட்டுதான், என்னமோ அப்பத்தான் ஊருலருந்து வந்த ஆளப் பாத்த மாதிரி. கேட்டுல ஆளு நின்னாக் குரைக்கதில்ல. குட்டி வாறதுக்கு முன்னாலயும் ஒரு ஆறேழு மாசமாக் கொஞ்சம் அப்படித்தான் இருந்தான், இல்லேங்கல. அது வெயிலு, வயசு. இது வேற. இது சொல்லிக் குடுத்து வாறது.

நமக்குத் தொழிலே சந்தேகப்படுததுதான? கவனிக்க ஆரம்பிச்சேன். கவனிச்சாத் தெரியுது, அந்தக் குட்டி ஒரு வேல பண்ணுது. டிப்போ படுத்துக் கெடப்பான். குட்டி திடீர்னு ஓடியாந்து மூக்கால அவன் கழுத்துல ஒரு இடி இடிக்கும். உடனே அவன் எந்திரிச்சு கேட்டப் பாப்பான். பாத்தா அங்ஙன பால்காரர் நிப்பாரு. இன்னொரு நாளு இடிக்கும், பாத்தாக் கேஸ் சிலிண்டர் வந்திருக்கும். சொல்லி வச்ச மாதிரி, தெனம்.

இது என்னன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சிக்னல். செக்கிங் நாங்க ஒரு ஸ்டாப்புல நின்னா, எங்களத் தாண்டிப் போற டிரைவரு எதுத்தாப்ல வாற வண்டிக்கு லைட்ட அடிச்சுக் காமிப்பான், ரெண்டு தடவ. முன்னால ஆளு நிக்கு, சுதாரிச்சுக்கோன்னு அர்த்தம். அந்த வண்டிக் கண்டக்டரு வெரசா எல்லாருக்கும் டிக்கெட்டக் கிழிச்சுருவான். நாங்க ஏறுனா வண்டி சுத்தமா இருக்கும். எத்தன வருசம் இந்த லைட்டால நான் ஏமாந்திருக்கேன்! இப்ப இந்த வண்டிய ஓட்டுதானே, உச்சிமாகாளி, இவனயே ஒரு தடவ கையுங்களவுமாப் புடிச்சு மெமோ குடுத்தேன். பாவநாசத்துல நான் ஏறும்போது என்னயப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், நீங்க அப்ப ஏறல. ஏழு வருசமாச்சு, இன்னும் கோவம் போகல பயலுக்கு. போகாண்டாம். தப்பு தப்புதான.

அந்தக் குட்டி லைட் அடிக்குன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். டிப்போவுக்கு மட்டுமில்ல, என்னயவும் விடல. நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன், ஓடியாந்து கால் பெருவெரலப் புடிச்சுக் கடிக்கும். ஏ சவத்து மூதின்னு எந்திரிச்சாக் கேட்டுல யாராவது நிப்பாக. கொரியர்க்காரன் ஒருத்தன், "சார், அஞ்சு நிமிசமா பெல் அடிக்கேன்"ங்கான். பொய்யி. அஞ்சு நிமிசம் பெல் அடிச்சவன் மூஞ்சி அப்படி இருக்காது. ஆனா ஒண்ணு யோசிச்சேன், இவனுக்கும் அந்தக் குட்டிக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்குள்ளயும் அப்படித்தான். ஒரு வருசமா அம்மையும் மவளும் குசுகுசுன்னுதான் பேசுதாளுவ. நேருக்கு நேரு நின்னாச் சத்தமாப் பேசுவாளுவ, முதுகத் திருப்புனா வாய் மட்டும் அசையும். என் போன்ல மணிச் சத்தத்தக் கொறச்சு வச்சிருக்கா பூரணி, எவன் கூப்பிட்டாலும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு. டிவியக் கொஞ்சம் கூட்டி வச்சா கோமு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நடிக்கா. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவ வேற தூண்டி விட்டுருக்கா, அவுக வந்து செய்தி எங்க வீட்டு வரைக்கும் கேக்கு சார்ங்காக.

நெருப்பில்லாமப் புகையாதுல்லா? போன வாரம் பூரணி மேசையில ஒரு கார்டு கெடச்சுது. எம்பேரு போட்டுருக்கு, இசக்கியப்பன், வயசு அறுவத்தொண்ணு. கீழ, காது மூக்கு தொண்டை டாக்டர். நாளைக்குப் பத்தரை மணி. எனக்குப் புரிஞ்சுபோச்சு. எங்க வேலையில டிரைவருங்களுக்குக் கண்ணு டெஸ்ட் வைப்பாக. அன்ஃபிட்டுன்னு ஒரு கையெழுத்து விழுந்தா, அன்னைக்கே ஸ்டியரிங்க விட்டு எறக்கி ஆபீஸ்ல ஸ்டூல்ல உக்கார வச்சுருவாக. எத்தன பேரு அந்த ஸ்டூல்ல உக்காந்து அழுததப் பாத்திருக்கேன். இப்ப எனக்கு ஸ்டூலு போடுதாக. அந்தக் கார்ட எடுத்து எஞ்சட்டப் பையில போட்டுட்டேன். இந்தா, இங்ஙனதான் இருக்கு. தேடட்டும்.

கையில கட்டா? அதுக்குத்தான் வாறேன்.

முந்தாநாளு சாயங்காலம். டிப்போ மாமரத்தடியில படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தான். குட்டி அங்ஙன இல்ல, பூரணி அதுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருந்தா. எத்தன நாளு ஆச்சு, அவனும் நானும் மட்டும் இருந்து. ஆசையாப் போயி, டிப்போ, எய்யா டிப்போன்னு கூப்பிட்டுக்கிட்டே போயி, முதுகுல கைய வச்சேன். ஒரு பாய்ச்சல் பாஞ்சான் தம்பி. கடிச்சுட்டான். பன்னெண்டு வருசத்துல ஒரு பல்லு பட்டதில்ல எம்மேல. கடிச்சுட்டு என்னயப் பாத்தான், பாத்துட்டு அப்படியே கூனிக் குறுகி என் காலடியில படுத்துக்கிட்டான், ஒண்ணுக்குப் போயிட்டான். எனக்கு ரத்தம் வந்தது வலிக்கல. மனசு விட்டுப்போச்சு. அன்னையிலருந்து அவன் அடியோட சாப்பிடல. கோமு ஊட்டுனாலும் வாயத் தொறக்கல.

அவன் தப்பு இல்ல. எவன் சொல்லிக் குடுத்தானோ அவன் தப்பு. எறக்கி விட்டுரணும்னு முடிவு பண்ணிட்டேன். வித்தவுட்டப் புடிச்சா வேற என்ன செய்வோம்?

இன்னைக்குக் கோமு கோயிலுக்குப் போயிட்டா, பூரணி வேலைக்கு. குட்டியக் கூடையில வச்சு மேல துண்டப் போட்டேன். டிப்போ பாத்துக்கிட்டே இருந்தான். கேட்டு வரைக்கும் கூடவே வந்தான். நான் கேட்டச் சாத்திட்டு வந்துட்டேன். வண்டியில ஒரு சத்தம் போடாமத்தான் வந்துச்சு, எங்கைய நக்கிக்கிட்டே. கட்டுப் போட்ட கைய. நடிப்பு.

பாவநாசத்துல ஆத்துக்கு வாற ஜனங்க கட்டுச்சோத்தக் கொட்டிட்டுப் போவாக, நாய்க்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல. நான் ஒண்ணும் பாவி இல்ல, யோசிச்சுத்தான் கொண்டு போனேன். ரோட்டோரம் நடந்துக்கிட்டு இருந்தேன், கயித்துல புடிச்சுக்கிட்டு. திடீர்னு அது எம்வேட்டியப் புடிச்சு இழுக்கு. கடிச்சு, காலால உன்னி, எம்புட்டு இருக்கும், ஒரு தேங்கா அளவு உடம்பு, அத வச்சுக்கிட்டு ஓரத்துக்கு இழுக்கு. ஏ மூதின்னு காலத் தூக்கி ஒதற, தடுமாறி ஓரத்துப் பள்ளத்துல கால வச்சுட்டேன். அந்த நேரம் பாத்து ஒரு லாரி பின்னாலருந்து என் சட்டைய ஒரசுன மாதிரி போறான். ஹார்ன் கெடையாது, ஒண்ணு கெடையாது! டிரைவரு ஜன்னல் வழியாத் தலைய நீட்டி என்னயத் திட்டிக்கிட்டே வேற போறான், கைய ஆட்டி. காலம் எப்படிக் கெட்டுக் கெடக்குப் பாருங்க.

அந்தக் கோவத்துலயே பஸ் ஸ்டாப்புத் தூணுல குட்டியக் கட்டுனேன். ஆமா, கட்டித்தான் போட்டேன். இல்லேன்னா வண்டி பின்னாலயே ஓடி வந்து அடிபட்டுரும்லா. யாராவது பாத்து அவுத்துக் கொண்டுபோவாக. ரெண்டு பிஸ்கட்டு வச்சேன், திங்கல. வண்டியில ஏறி ஜன்னல் வழியாத் திரும்பிப் பாத்தேன். கயித்த இழுத்துக்கிட்டு நிக்கு. வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஆனா ஒரு சத்தம் போடல, பாத்துக்கிடுங்க. ஒரு குரைப்புக் குரைக்கல. அதுக்கே தெரிஞ்சுருக்கு, நாம பண்ணுனது தப்புன்னு.

என்ன கேக்கீய? டிப்போவ எந்தப் பக்கமிருந்து தொட்டேனா? பின்னாலருந்துதான். தூங்கிக்கிட்டுல்லா இருந்தான். கூப்பிட்டுக்கிட்டேதான் போனேன், சொன்னேன்லா.

காதா? டிப்போவுக்கா? என்ன தம்பி சொல்லுதீய. மூணு தெரு தள்ளி என் செருப்புச் சத்தத்தக் கேட்டவன்... உங்க அத்த வீட்டு நாயி அப்படித்தான் கடிச்சுதா? காது போன நாயத் தூக்கத்துல தொட்டாப் பயந்து கடிச்சுருமா?

இருங்க. இருங்க தம்பி.

கூப்பிட்டாத் திரும்பல. முன்னால போயி நின்னா வால ஆட்டுதான். பெல் அடிச்சா எந்திரிக்கல. குட்டி வந்து மூக்கால இடிச்சா எந்திரிக்கான். ஆறேழு மாசமா. ஐயையோ. அவனுக்குக் காது கேக்கல. எம்புள்ளைக்குக் காது கேக்கல தம்பி! நான் என்னமோ திமிருன்னு நெனச்சு ரெண்டு தடவ அடிக்கக்கூட செஞ்சேன். பத்தொம்பது வருசம் செக்கிங் பாத்து என்ன புண்ணியம். அந்தக் குட்டி அவனுக்குச் சொல்லிருக்கு. ஆளு வந்திருக்கு எந்திரின்னு சொல்லிருக்கு. காது இருக்கவன் இல்லாதவனுக்குச் சொல்லுத மாதிரி. இப்ப யாரு சொல்லுவா அவனுக்கு? குட்டியத் தூக்கிட்டு வரும்போது கேட்டு வரைக்கும் வந்தானே.

நல்லது. அவனுக்குச் சொல்லிச்சு, சரி. எங்காலப் பிடிச்சு எதுக்குக் கடிச்சுது?

சொல்லுங்க. எம்பெருவெரல எதுக்குக் கடிச்சுது? எனக்கு என்ன?

தம்பி. நீங்க என்னயப் பாத்துச் சொல்லுங்க. இந்த வண்டி ரொம்ப இரைச்சலா?

இல்லையா.

புது வண்டியா. சரி.

அந்த லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிருப்பான். அடிச்சிருப்பான்லா? அதான் அப்படித் திட்டிக்கிட்டுப் போனான். அது எம்வேட்டியப் புடிச்சு இழுத்துச்சே. இந்தா பாருங்க, பல்லுத்தடம் இருக்கு. வேட்டி கிழிஞ்சிருக்கு பாருங்க. நான் ஒதச்சேன் தம்பி, அத. கால வச்சு ஒதறுனேன்.

அப்ப அது கயித்துல நின்னுக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுச்சே. சும்மாவா மூடிருக்கும்? குரைச்சிருக்கு. தொண்ட கிழியக் குரைச்சிருக்கு. போவாத போவாதன்னு குரைச்சிருக்கு, பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேருக்கும் கேட்டுருக்கும், எனக்குத்தான்... ஐயோ, முருகா. கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேனே. சுருக்குப் போட்டுக் கட்டிருக்கேன். இழுக்க இழுக்க இறுகும் அது.

இது எந்த ஊரு? வீரவநல்லூர் தாண்டிட்டா? எதுத்தாப்ல இப்ப மூணேமுக்கா வண்டி வரணும், பாவநாசம் போறது. அத விட்டா அடுத்ததுக்கு முக்கா மணி நேரம் நிக்கணும். முக்கா மணி நேரம் அது தாங்காது. விடுங்க, வழி விடுங்க. அந்தக் கூடையக் குடுங்க. துண்டு விழுந்துட்டு, அதையும் எடுங்க தம்பி, அது வாசம் பழகுன துண்டு.

உச்சிமாகாளி! ஏ உச்சிமாகாளி! நாந்தான், இசக்கியப்பன். வண்டிய ஓரங்கட்டுய்யா. அன்னா வருதுல்லா, மூணேமுக்கா வண்டி, அதுக்கு லைட்ட அடி. ஆமாய்யா, நாந்தான் சொல்லுதேன், லைட்ட அடி. ரெண்டு தடவ. உனக்கு மெமோ குடுத்தவன்தான் கேக்கேன். நான் அந்த வண்டியில மாறணும். எம்பொட்டுவ அங்ஙன கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்யா, பாவி நான். பொட்டு, என் நாய்க்குட்டி. காலுல வேணாலும் விழுதேன், அடிய்யா லைட்ட.

அடிச்சுட்டான். அடிச்சுட்டான் தம்பி. அன்னா, அவனும் ஓரங்கட்டுதான்.

எறங்குதேன், எறங்குதேன். படி தெரியுது, கையப் புடிக்காண்டாம். என்னய்யா உச்சிமாகாளி? என்னமோ சொல்லுத. வாய் அசையுது. என்னது?

எல்லாரும் பாக்கட்டும், பரவால்ல. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுய்யா. எனக்குக் காது கேக்காது.